கை காட்டிய வாசல்

விளாங்குடியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் கனகலட்சுமி, வெளியே கொத்தனார் சுவர் இடிக்கும் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"ரெண்டு மாசமா பிள்ளைக்குக் கை காலு வெட்டி வெட்டி இழுக்குது. சாமி வந்திருக்குன்னு உக்கார வச்சுக் குறி கேட்டீங்களாக்கும்! எந்தக் காலத்துல இருக்கீங்க?"

சோழவந்தான் சுருளி, மகள் இசைவாணியை அணைத்தபடி நெளிந்தார். "ஊரே சொல்லுச்சும்மா."

"முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல் வந்துச்சா?"

"ஆமாம்மா. தானாச் சரியாப் போச்சு."

"அதோட மிச்சம்தான் இது. கை எந்தப் பக்கம் வெட்டும்னு பிள்ளைக்கே தெரியாது. ஊசி, மருந்துல சரியாயிரும். இதயத்தையும் பாத்துரணும். ஆமா, இதுகிட்டப் போயிக் குறி கேட்ட முட்டாளுக யாரு?"

"படிச்சவுக கூட வந்தாகம்மா. போன வாரம் கார்ல ஒருத்தரு வந்தாரு. அவரு வீட்டம்மா டாக்டராம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டமே வரலையாம். வாசலை எந்தப் பக்கம் மாத்தலாம்னு கேட்டாரு. பாப்பா கை வலப்பக்கமா வெட்டுச்சு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

கனகலட்சுமியின் பேனா நின்றது. கணவரைச் சோழவந்தானுக்கு அனுப்பி வைத்ததே அவர்தான்.

கொத்தனார் எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, வலப்பக்கம் வாசல் தெறந்தாச்சு. பழைய வாசலை அடைச்சிரவா?"

அந்த நேரம் இசைவாணியின் கை சட்டென்று வெட்டி இழுத்தது. இந்தத் தடவை பழைய வாசல் பக்கம்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே!" என்றார் டாக்டர்.