வெண்ணெய் கேட்கும் மேசை

ஸ்காபரோ தேவாலயத்தின் பேஸ்மென்ட். மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டிப்போக வந்த கிளடிஸ், பக்கத்து அறைக் கதவின் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்க்கிறாள். பாதி பனி மூடிய ஜன்னலின் வெளிச்சத்தில், பச்சை நாடா குத்திய பதினொரு ஐரிஷ் பெண்கள் தேநீரோடு பேசாமல் இருக்கிறார்கள். கரண்டிகள் மட்டும் கோப்பைகளில் கிணுகிணுக்கின்றன. "இண்டைக்கு இங்கிலீஷ் கதைக்கக் கூடாதாம். அவையின்ர ஐரிஷ் பாஷை மட்டும்தானாம்," கதவில் ஒட்டிய தாளை வாசித்து மகள் செரீனா சொல்கிறாள். "அப்ப ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?" "அவைக்கு அது தெரியாது போல, அம்மா." ஜன்னலோரம் இருப்பவள் கண்ணை மூடி யோசித்து, ஒரேயொரு சொல்லைச் சொல்கிறாள். வெண்ணெய்த் தட்டு அவளிடம் போகிறது. பக்கத்திலிருப்பவள் உடனே அதே சொல்லைச் சொல்கிறாள். பிறகு அடுத்தவள். வெண்ணெய் தீர்ந்த பின்பும் அந்த ஒரே சொல்லோடு தட்டு மேசையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.