கருங்கிடா ரத்தம்

மூன்று நாள் லாக்கப் சிமெண்டில் படுத்ததில் பிச்சைமுத்துவுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல வலித்தது. முப்பது வருடம் மூட்டை தூக்கியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

"நிமிந்து உக்காருய்யா" என்றார் சார்ஜன் புவனேஸ்வரன். "கோகிலனை வெட்டுனது நீதானே?"

கோகிலன், பாயான் பாரு ஃபிளாட்டில் பிச்சைமுத்துவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்காக இருவருக்கும் ஓயாத சண்டை. ஞாயிறு மத்தியானம் யாரோ அவனை வெட்டிப் போட்டிருந்தார்கள்; இன்னும் நினைவு திரும்பவில்லை. அன்று மாலையே பிச்சைமுத்துவின் மோட்டார் கூடையில், கை முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்த சட்டை சிக்கியது.

"அது கிடா ரத்தம் சார். கெப்பாலா பத்தாஸ் ஊரு முனியாண்டி கோயில்ல வெட்டுனது."

"சாமி பேரைச் சொன்னா விட்டுருவனா? சட்டை லேப்புக்குப் போயிருக்கு. காஞ்ச ரத்தத்துல இருக்கற புரதம் மனுஷனுக்கு ஒரு தினுசு, மிருகத்துக்கு ஒரு தினுசு. சொல்லிரும் லா."

பிச்சைமுத்து சட்டென்று கேட்டார். "மனுஷ ரத்தமான்னு மட்டுந்தானே பாப்பாங்க?"

"ஏன், பயமா இருக்கா?"

பெஞ்சில் இருந்த அவர் மனைவி நவமணி சீறினாள். அவள் காதுகள் மூளியாக இருந்தன. "அவருக்கு என்னா பயம்? என் தோட்டை வித்து வாங்குன கிடா. மக ஆபரேஷன்ல பொழைச்சா வெட்டுறேன்னு நான் வேண்டிக்கிட்டது. பிள்ளைகிட்ட நான் இருந்தேன், இவரு தனியா போனாரு."

"கறி எங்க?"

"கோயில்லயே ஆக்கிப் போட்டாராம். ஒரு எலும்புகூட வீட்டுக்கு வரல."

"யாரு தின்னா? ஒரு பேரு சொல்லு."

பிச்சைமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அப்போது கான்ஸ்டபிள் ஹைக்கல் ஓர் உறையைக் கொண்டுவந்து வைத்தான். சார்ஜன் இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"மனுஷ ரத்தம் இல்ல."

"நான் சொல்லல?" நவமணி எழுந்தாள். "ஏழைன்னா அள்ளிப் போட்டுருவீங்க. மூணு நாளு மனுஷனைப் படுத்திட்டீங்களே."

"வா, போலாம்." பிச்சைமுத்து அவள் கையை அவசரமாக இழுத்தார்.

"இரு. இன்னும் ஒரு வரி இருக்கு." சார்ஜன் தாளைத் திருப்பினார். "ஆட்டு ரத்தமும் இல்லையாம். கோழி."

சார்ஜன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்யா."

நவமணியின் விரல் காது ஓட்டையைத் தடவிற்று. அவள் பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தாள்.

"இந்தாள உள்ளயே வைங்க சார். முனியாண்டிக்கு ஒரு கருங்கிடா பாக்கி."