யார் பக்கமும் சாயாத குரல்

ஒன்பது வயது சுமையா இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவளைப் பக்கத்துப் பள்ளியிலேயே விடுவதா, தொலைவிலுள்ள சிறப்பு விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதா என்று அவளுடைய உம்மா ரிஸ்வானா, வீட்டிலுள்ள செயற்கை நுண்ணறிவு ஆலோசனைக் குரலிடம் தினமும் கேட்பாள். அது இரண்டின் நல்லது கெட்டதையும் பொறுமையாகச் சொல்லும். முடிவை மட்டும் சொல்லாது.

ஒரு மதியம் சுமையாவின் அறையிலிருந்து அதே குரல் கேட்டது. இடையிடையே ஒரு சிறுமியும் பேசினாள். ரிஸ்வானா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சுமையா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"எம்மவ பேசுனாளா? என்ன சொன்னா?" என்று குரலிடம் கேட்டாள் ரிஸ்வானா.

"அவங்களும் எங்கிட்ட ஆலோசனை கேக்குறவங்கதான். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல முடியாதும்மா."

"நான் பெத்தவ!"

"தெரியும்மா. அதை அவங்ககிட்டயும் எடுத்துச் சொன்னேன்."

ரிஸ்வானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்த விடு. உம்மான்னு ஒரு தடவையாச்சும் சொன்னாளா?"

சுமையா எழுந்துவந்து, உம்மாவின் கையை நிலையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது.

மறுநாள் ரிஸ்வானா எழுந்து பார்த்தபோது, சுமையா பெட்டியில் துணிகளை அடுக்கி முடித்து, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.