ஏணைச் சேலை

அவன் முதலில் நீரைத் தெளித்தான்.

உட்கூரையின் ஒரு மூலை நனைந்து கருத்தது. பின்னர்ச் சிறிய உளியால் மெதுவாகச் சுரண்டினான். சோளப்பொரிபோல் ஒட்டியிருந்த வெள்ளைப் பொருக்குகளுள் நகக்கண் அளவு பெயர்ந்து, அவன் ஏந்திய பைக்குள் விழுந்தது.

அவள் கதவடியில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அங்கால நிண்டால் காணும், அக்கா." முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "உதுக்குள்ள அஸ்பெஸ்ரஸ் இருந்தாலும், தொடாத வரைக்கும் சும்மா கிடக்கும். சுரண்டினால், துளைச்சால்தான் வில்லங்கம். அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனால் பிறகு வெளியில வராது."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பயப்பிடாதேங்கோ. ஊரில அந்த அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றுக்குக் கீழதானே படுத்து வளர்ந்தனாங்கள்."

அவளும் சிரித்தாள். மரியாதைக்காக.

கனடாவில், ஸ்காபுறோவில் அவர்கள் வாங்கிய பழைய வீடு இது. உட்கூரையைச் சுரண்டி வழுவழுப்பாக்க வேண்டும் என்று கணவர் நெடுநாளாகச் சொல்லிவந்தார். அஸ்பெஸ்ரஸ் எனும் கல்நார் கலந்திருக்கிறதா என்று பாராமல் கைவைக்க மாட்டேன் என்று ஒப்பந்தக்காரர் மறுத்துவிட்டார். அதனால்தான் சோதனைக்கு மாதிரி எடுக்க இன்று இவன் வந்திருக்கிறான்.

பையை மூடி, அதன் மேல் எழுதினான். வரவேற்பறை.

அடுத்தது, படிக்கட்டின் மேற்புறம்.

அடுத்தது, படுக்கையறை.

அங்கே ஏணியை விரிக்குமுன் கேட்டான்.

"இதில முந்தி ஆரும் ஓட்டை கீட்டை போட்டவையோ?"

"இல்லை," என்றாள்.

கேள்வி முடியுமுன்னரே அந்தச் சொல் வந்துவிட்டது.

அது பழகிய சொல். ஆறு ஆண்டுகளுக்கு முன், மகள் பிறந்த புதிதில், வீடு தேடி வந்த வெள்ளைக்காரத் தாதியிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது. குழந்தை எங்கே உறங்குகிறாள்? மரத்தொட்டிலில். வேறு எதிலாவது உறங்கவைப்பதுண்டா?

இல்லை.

துணித்தொட்டில் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் இங்கே. தாதி வரும் நாட்களில் ஏணையை அவிழ்த்து, சேலையை உதறி, மடித்து, அலுமாரிக்குள் ஒளித்துவைப்பாள். தாதியின் கார் தெருமுனையில் திரும்பியதும் மீண்டும் கட்டுவாள். அந்தச் சேலைக்குள் கிடந்து ஆடினால்தான் பிள்ளை கண்ணயர்ந்தாள்.

ஏணை தொங்குவதற்கு ஒரு கொளுக்கி வேண்டியிருந்தது. கணவர்தான் இந்த அறையின் உட்கூரையைத் துளைத்து மாட்டினார். பிள்ளை வளர்ந்ததும் அதைக் கழற்றி, துளையைப் பற்பசையால் அடைத்தார்.

வந்தவனின் கைவிளக்கு இப்போது உட்கூரையில் ஊர்ந்தது.

பற்பசை அடைத்த இடத்தை அணுகியது.

கடந்தது.

அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அந்நாட்களில் ஏணை ஆடும்போது கொளுக்கி கிறீச்சிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கிறீச். சேலையின் மடிப்புகளில் வெள்ளையாய்ப் பொடி படிந்திருக்கும். குழந்தைக்குப் பூசிய பவுடர் என்றே அவள் நினைத்திருந்தாள். கணவரும் அப்படித்தான் நினைத்தார்.

"இது பிள்ளையோ, கொழுக்கட்டைக்கு உருட்டின மாவோ?" என்று கேலி செய்வார்.

அவள் சேலையை யன்னலருகே நின்று உதறுவாள். குளிருக்காக யன்னல் மூடியே இருக்கும். பிள்ளை கீழே விரிப்பில் கிடப்பாள். வெயிற்கீற்றில் மினுங்கி மினுங்கி இறங்கும் தூளைப் பிடிக்கக் கைகளை வீசுவாள்.

வாயைத் திறந்து சிரிப்பாள்.

பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கிறதென்று அவள் இன்னொரு முறை உதறுவாள்.

நேற்றும் மகள் இருமினாள். ஐஸ்கிறீம் குடித்த இருமல்தான். வேறொன்றும் இராது.

மூன்றாவது பையையும் மூடினான். முகமூடியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்தான்.

"முடிஞ்சுது, அக்கா. மறுமொழி வர நாலைஞ்சு நாள் செல்லும்."

"தம்பி."

ஏணியை மடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

அவள் அலுமாரியைத் திறந்தாள். சேலை அடித்தட்டில் இருந்தது. அவிழ்த்த நாளிலிருந்து அதைத் துவைக்கவில்லை. பச்சைப்பிள்ளையின் மணம் போய்விடக் கூடாதென்று அப்படியே வைத்திருந்தாள்.

இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்தாள். உதறி விரிக்கக் கைகள் தாமாகவே உயர்ந்தன.

அப்படியே நின்றன.

"குறை நினைக்கக் கூடாது. நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உதில ஒரு கொளுக்கி இருந்தது. பிள்ளைக்கு ஏணை கட்டினது. இதில இருக்கிற தூளையும் ஒருக்கால் பார்க்க ஏலுமோ?"

அவன் உட்கூரையைப் பார்த்தான். சேலையைப் பார்த்தான். ஊர்க்கதை எதுவும் சொல்லவில்லை.

கழற்றிய முகமூடியை மீண்டும் அணிந்துகொண்டான்.

ஒட்டுநாடாவை மடிப்பின் மேல் அழுத்தி, மெல்ல உரித்தெடுத்தான். வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. பவுடராகவும் இருக்கலாம். புதிய பையொன்றுக்குள் அதை இட்டு, பேனையைத் திறந்தான்.

"இது எந்த இடம் எண்டு போட, அக்கா?"

அறையின் பெயரைத்தான் சொல்ல நினைத்தாள்.

"ஆரபி," என்றாள்.

சற்று உரக்கச் சொல்லிவிட்டாள் போலும்.

"வாறன், அம்மா!"

கீழேயிருந்து மகளின் குரல். படிகளில் தடதடவென ஓடிவரும் காலடி.

அவள் சேலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உறங்குவதுபோல.