கை நடுங்கினால் ஃபெயில்

சுவிட்சைப் போட்டதும் ஸ்டீயரிங் தானாகவே சுழன்றது.

இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று. வலப்பக்கம் ஒரு முழுச் சுற்று. பிறகு நடுவில் வந்து, ஆளை எதிர்பார்ப்பதுபோல் நின்றது.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்ட அதிகாரி, அதற்காகத்தான் எழுந்தவர்போல் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க மாமா. ஆன் பண்ணா ஒரு தடவை தன்னைத்தானே சரி பாத்துக்கும்," என்றான் மச்சினன்.

"யாரு பயந்தா?"

டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தேர்வு நடத்தி, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார் அதிகாரி. பக்கத்து இருக்கையில், மடியில் அட்டையும் கையில் சிவப்புப் பேனாவுமாக அவர் உட்கார்ந்தால், பழுத்த லாரிக்காரனுக்கே நாக்கு வறண்டுவிடும். அவருடைய சட்டம் ஒரே வரி. கை நடுங்கினால் ஃபெயில்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் மச்சினன் அவரிடம் மூன்று முறை போனான். முதல் முறை கை நடுங்கியது, ஃபெயில். இரண்டாம் முறை நடுங்கவில்லை, திமிர் என்று எழுதி ஃபெயில். மூன்றாம் முறை வண்டியைக் கிளப்புவதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

அத்தோடு ரோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டவன், சாப்பாட்டு மேசையில் இந்த வீடியோ கேம் ஸ்டீயரிங்கை முடுக்கி, டிவியில் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தான். பட்டனைத் தட்டியே விளையாடிய கைக்கு அது லேசில் படியவில்லை. ஒரு மாதம் வண்டி குடித்தவன் மாதிரி அலைந்தது. ஆறு மாதத்தில் வசப்பட்டது.

இன்று அவன் வீட்டில் விருந்து. சாப்பிட்ட கையோடு, "ஒரே ஒரு ரவுண்டு, நீங்க ஓட்டிக் காட்டுங்க மாமா," என்று உட்கார வைத்துவிட்டான். சோபாவில் அவன் மனைவி. அவனுடைய இரண்டு பெண்களும் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். அதிகாரியின் மனைவி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சுற்று. சுவரில் மோதாமல் ஒரே ஒரு சுற்று. அது போதும், முப்பத்தோரு வருட மானம் சேதாரமில்லாமல் வீடு போய்ச் சேரும்.

காலடியில் மூன்று பெடல். எது எதற்கென்று அவருக்கு அத்துப்படி. எத்தனை ஆயிரம் கால்களைக் குனிந்து பார்த்தவர்.

திரையில் சிவப்பு விளக்குகள் அணைந்து ரேஸ் கிளம்பியது.

ஸ்டீயரிங் உறும ஆரம்பித்தது. அந்த உறுமல் உள்ளங்கையில் ஏறி, முழங்கையைத் தாண்டி, பல்லில் வந்து நின்றது. வளைவு வந்தது. ஜாடி மூடியைத் திருகுவதுபோல் திருகினார். பொம்மை என்று நினைத்தது அவரைத் திருப்பி இழுத்தது.

"அவ்வளவு திருப்பாதீங்க மாமா. கொஞ்சமா, கொஞ்சமா."

பிரேக்கை மிதித்தார். அது கல் மாதிரி இருந்தது. எட்டி உதைத்ததில் பெடல் பலகையே தரையில் வழுக்கி மேசைக்கடியில் போனது. காலும் அதன் பின்னாலேயே போனது. எதிரே சுவர்.

கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டும்போது கண்ணை மூடினால் வாழ்நாள் முழுக்க லைசென்ஸ் கிடையாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

திறந்தபோது டிவியில் புகை. கையில் ஸ்டீயரிங் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மச்சினன் எட்டிச் சுவிட்சை அணைத்தான். சக்கரத்தின் சின்ன விளக்கு அணைந்தது. உள்ளே மோட்டாரின் முனகலும் நின்றது.

ஸ்டீயரிங் மட்டும் நடுங்குவதை நிறுத்தவில்லை.

மச்சினன் சுவிட்சைப் பார்த்தான். பிறகு, வெளுத்துப்போன அந்தப் பத்து விரல்களைப் பார்த்தான். அவன் பதிமூன்று வருடம் காத்திருந்தது இதற்குத்தான். ஒரே ஒரு சொல் போதும். இரண்டு போனும் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தன.

சக்கரத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

"மோட்டார் சூடாயிடுச்சு. அணைச்சாலும் கொஞ்ச நேரம் இப்படித்தான் உதறும்," என்றான் சோபாவைப் பார்த்து. பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஒவ்வொரு விரலா எடுங்க மாமா."

"நிஜ வண்டி ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதுண்ணா," என்றாள் அவன் மனைவி.

"அதேதான்மா," என்றார் அதிகாரி. குரல் திரும்பியிருந்தது. "ரோட்டோட கனம் கையில தெரியணும். இது வெறும் காத்து."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

கீழே இறங்கியபோது காரின் சாவி வழக்கம்போல் அதிகாரியின் மனைவி கையில் இருந்தது. அதிகாரி வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் ஏறினார். அங்கிருந்து பார்த்தால்தான் ஓட்டுபவரின் தவறு தெரியும் என்பார். உறவில் எல்லோரும் அந்த இருக்கையை ஒரு பதவி மாதிரி மதித்தார்கள். ஓட்டுபவர் இருக்கையில் அவரை யாரும் பார்த்ததில்லை, ஏன் என்று கேட்டதுமில்லை.

தெரு முனை வளைவில் அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லைங்க," என்றாள், தினமும் சொல்கிற குரலில்.

முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையிலேயே அவர் பாஸ் போட்ட ஒரே ஆள் அவள்தான். அன்று அவள் கை நடுங்கிய நடுக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கே தெரிந்தது. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டிவிட்டார் என்று அலுவலகமே ஒரு மாதம் பேசியது.

அவரைத் தினமும் வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்ட அலுவலக ஜீப்பின் டிரைவர் அன்று மாலையோடு ஓய்வு பெறுகிறார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.