கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம்

"இன்னிக்காச்சும் வீட்டுக்குப் போயிடலாமாம்மா?"

மேல் படுக்கையிலிருந்து திரிஷா கேட்டாள். பெனிட்டா ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனியைப் புறங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். நெசவாளர் தெரு விடிந்தும் விடியாமலும் கிடந்தது. எந்த வீட்டிலிருந்தும் யாரும் வெளியே வரவில்லை.

ஒரு பழைய டெம்போ டிராவலரில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்து அவள் கணவன் ஜான்சன் செய்த கேரவன் அது. கணவனும் மகளுமாக அதில்தான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள் பெனிட்டா. ஊர்கள் எப்படிக் கண் விழிக்கின்றன என்று ஒரு புகைப்படப் புத்தகம். உப்பளம், மீன் சந்தை, பூச்சந்தை எல்லாம் முடிந்துவிட்டன. கடைசிப் பக்கம்தான் பாக்கி. வெயில் ஏறுவதற்குள் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்குப் பாவாக விரித்து, குடும்பமே இரண்டு பக்கமும் நின்று இழை இழையாகச் சரிபார்க்குமே, அந்தக் காட்சி.

வண்டிக்கு நேர் எதிரே, நெசவாளர் ராஜவேலு வீட்டில் பாவு தயாராக இருந்தது. துணியில் சுற்றிக் கூடத்தில் வைத்திருந்ததை வந்த அன்றே பார்த்துவிட்டாள். இன்றோ நாளையோ வெளியே வந்தாக வேண்டும். மூன்றாவது நாளாகக் காத்திருக்கிறாள்.

"எப்ப பாவு போடுறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா என்ன?" என்றான் ஜான்சன், அடுப்பைப் பற்றவைத்தபடி.

"கேட்டா எனக்காகப் போடுவாங்க. புதுப்பொடவ கட்டிக்கினு வந்து கேமராவப் பாத்துச் சிரிப்பாங்க. அப்புறம் அது போட்டோ இல்ல, நாடகம்."

"நாடகமாவது நடக்குமே."

"நீயும் போய் உளறி வெச்சுடாத. திரிஷா, நீயும்தான்."

"நான் யார்கிட்டயும் பேசறதே இல்ல" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

கதவைத் தட்டும் சத்தம். ராஜவேலுவின் மனைவி கங்கையம்மாள், கையில் டீ டம்ளர்களோடு.

"குடிங்கமா. குளுருல வண்டியில படுத்துக்கினு என்னாத்துக்குக் கஷ்டப்படுறீங்க. பாப்பா எழுந்துக்கிச்சா?"

"படுத்துக்கினு இருக்காக்கா."

"தூங்கட்டும், தூங்கட்டும்." கொஞ்சம் தயங்கினாள். "எப்பமா கெளம்புறீங்க?"

தினமும் காலையில் இதே கேள்விதான்.

"பாக்கலாங்க்கா. ஒருவேள நாளைக்கு."

"அப்டியா... சரி, இருங்க."

அவள் போனதும் பெனிட்டா சிரித்தாள். "நம்மள அனுப்பவே அவங்களுக்கு மனசு இல்ல பாரேன்."

"வீட்டுக்காரரு மட்டும் என்னவாம். விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல குந்திக்கினு வண்டியையே பாத்துக்கினு இருக்காரு. வெலைக்குக் கேட்டாலும் கேப்பாரு" என்றான் ஜான்சன்.

வெயில் ஏறிவிட்டது. பாவு வரவில்லை. ஜான்சன் மறுநாள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தான்.

மேல் படுக்கையில் திரிஷா அப்பாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை அவள் பள்ளியில் ஆண்டு விழா. கோலாட்டத்தில் அவளுடைய இடத்தில் வேறொரு பெண் ஆடுகிறாள். சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தாள். போர்வைமேல் அவளுடைய விரல்கள் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தன.

பெனிட்டா பார்வையை விலக்கிக்கொண்டாள். விழாவுக்குப் போக வேண்டுமா என்று மகளை அவள் கேட்கவில்லை. ஆசை இருந்தால் தானே சொல்வாள் என்று விட்டுவிட்டாள். யாரையும் கேட்காமல், அவர்கள் போக்கில் விட்டுப் பார்ப்பதுதான் தன் திறமை என்று இத்தனை வருடங்களாக நம்பியிருந்தாள். ஒரு படத்துக்காக மகளின் மேடையைக் கொடுத்தாயிற்று. படமும் இல்லை.

"கெளம்பலாம்" என்றாள்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, வண்டி உறுமியதும் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். மூன்று நாளாக வாய் திறக்காத ராஜவேலு பின்னால் ஓடி வந்து, "ஒடி, ஒடி, வா, வா" என்று உற்சாகமாகக் கையாட்டி வண்டியைத் திருப்ப உதவினார். கங்கையம்மாள் ஒரு பொட்டலம் முறுக்கைத் திரிஷாவின் மடியில் வைத்து, பெனிட்டாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். இத்தனை பேர் வழியனுப்ப வந்திருக்கிறார்களே என்று பெனிட்டா தெருமுனை வரை கையசைத்துக்கொண்டே இருந்தாள். இவர்களையாவது ஒரு படம் எடுத்திருக்கலாம் என்று ஏனாத்தூர் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

மறுநாள் காலை, பெரம்பூரில், திரிஷாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நல்லபடியா போய்ச் சேந்தீங்களாமா?" கங்கையம்மாள்.

"சேந்துட்டோங்க்கா. நீங்க என்ன பண்றீங்க?"

"இப்பதான் பாவு போட்டு முடிச்சு உள்ள வந்தோம். அரக்கு கலரு. ஒரு இழ அறுந்துக்கல, ஜோரா அமைஞ்சிடுச்சு."

பெனிட்டா சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். குரல் அவளை மீறிக்கொண்டு வந்தது.

"ஒரு நாள் முன்னாடி போட்டிருக்கக் கூடாதாக்கா? அதப் படம் எடுக்கத்தான் மூணு நாளா உங்க வாசல்ல காத்துக்கினு இருந்தோம்."

"அய்ய, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாமா? வீட்டுக்காரரு கேட்டுடலாம்னுதான் தெனம் குந்திக்கினு இருந்தாரு. பச்சப்புள்ள உள்ள தூங்குது, எழுப்பி எடத்தக் காலி பண்ணுங்கன்னு எப்டி சொல்றதுன்னு நாந்தான் தடுத்து வெச்சேன். நீங்க வண்டிய நிறுத்தியிருந்தீங்களே, அந்த எடத்துலதாமா நாங்க பாவு விரிக்கிறது."