கழுத்தின் கனம்

இன்னும் ஒரு சீவல்.

அவன் கழுத்தை, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் மேஜை வைஸிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தான். கிதாரின் கழுத்து. பெட்டியோடு இன்னும் ஒட்டாதது. தந்தி காணாதது.

அவள் இடது கையை அதன் அடியில் கொடுத்துப் பிடித்தாள். பிடிக்கப் பார்த்தாள் என்பதே சரி. நான்கு விரலும் மேலே வந்துவிட்டன. பெருவிரல் மறுபக்கம் எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சூண்டுதான்," என்றாள்.

வாங்கினான். மறுபடி வைஸில் வைத்து இறுக்கினான்.

அது கார் ஷெட். கார் இல்லை. கார் வருடக்கணக்காகத் தெருவில், வேப்பமரத்தடியில், காக்கைகளுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தது. ஷெட் முழுக்க மரமும் பசையும் தூளும். மின்வாரியத்தில் வேலை, விடுமுறை என்றால் ஆள் இங்கேதான் கிடப்பான். இத்தனை கிதார் செய்தவனுக்கு ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது. சர்ச்சில் அவன் வாயைத் திறந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

அவன் செய்வான். மனைவி சுகிர்தா வாசிப்பாள். அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு.

பாளையங்கோட்டையில் அவர்கள் போகும் சர்ச்சில் அவள் கிதார் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் நடந்ததில்லை.

போன கிறிஸ்துமஸ் நடந்தது.

கையில் தசை கரைகிறது. நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மருந்தின் பெயரைச் சொல்லவில்லை, இருந்தால்தானே. கையில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் அழவில்லை. அழுது தொலைத்திருக்கலாம். மெழுகை இளக்கி உருட்டி அவளிடம் நீட்டி, கிதாரைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னான். அந்த அச்சுக்கு அளவெடுத்து ஒல்லிக் கழுத்தோடு ஒரு கிதார் செய்தான்.

ஒன்று முடிய அவனுக்கு ஆறேழு மாதம் ஆகும். மரம் அவசரப்படாது. பசையும் அவசரப்படாது. மழைக்காலம் வந்துவிட்டால் இரண்டும் சேர்ந்துகொண்டு சண்டித்தனம் செய்யும். நோய்க்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

கிதார் முடிந்தபோது, மெழுகில் இருந்த கை அவளிடம் இல்லை.

இது அடுத்தது. இதற்கும் மெழுகு பிடித்தார்கள். இதிலும் நோய் முந்திக்கொண்டது.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மரத்தின்மேல் காட்டினான்.

சீவினான். கொடுத்தான். அவள் பிடித்துப் பார்த்தாள். வாங்கினான். சீவினான்.

கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கும். தந்திகளை முறுக்கும்போது கழுத்து வளையாமல் தாங்குவது அதுதான். அதன்மேல் எவ்வளவு மரம் விட்டுவைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் இன்று அவன் மரத்தைப் பார்க்கவில்லை. அவள் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருவிரல் மறுபக்கம் வந்தது.

அவள் சிரித்தாள். இல்லாத தந்திகளின்மேல் விரல்களை ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைத்தாள். மோதிரவிரல் மட்டும் நிற்காமல் சரிந்தது. வலது கையால் அதைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள். அவன் சீவுளியைக் கீழே வைத்தான்.

பிறகு பெருவிரலை அடிப்பக்கம் மெல்ல ஓட்டினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"ஏங்க, இங்கன இரும்பு தட்டுது."

திருப்பிப் பார்த்தான். மரத்தின் நடுவே பளபளவென்று ஒரு கோடு.

தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம். பார்வைக்கு அடைபடும். பாரம் தாங்காது. தந்தி ஏற்றினால் கழுத்து வளைந்துவிடும். இத்தனை வருடம் மரத்தூளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அடுத்ததுல கம்பிய இன்னும் உள்ள தள்ளி வைக்கேன்," என்றான்.

அவள் சுவர்ப்பக்கம் பார்த்தாள்.

அங்கே சாத்தியிருந்தது ஒரே ஒரு பலகை. போன வாரம் தென்காசிப் பக்கம் ஒரு மில்லில் அறுத்து வந்தது. இரண்டு கோடை நிழலில் கிடந்தால்தான் அதில் கை வைக்கலாம். பச்சை மரத்தில் கழுத்து செய்தால் முறுக்கிக்கொண்டு போய்விடும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவனிடம் ஒரு மீட்டர் உண்டு. அதை அவன் நம்புவதில்லை. அவள் கன்னத்தைத்தான் நம்புவான். பலகையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் குளிரும். "இன்னும் பச்சைதான்" என்று அவள் சொல்லிவிட்டால் பலகை மறுபடி மூலைக்குப் போகும். எவ்வளவு கெஞ்சினாலும் மாற்றிச் சொல்லமாட்டாள். அந்த விஷயத்தில் மகா கறார்.

அவள் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, பலகைவரை போனாள்.

கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் அப்படியே நின்றாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா காஞ்சிட்டுங்க," என்றாள். "இன்னைக்கே அறுங்க."

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈரத்தூளைத் துடைத்துவிட்டு, அவன் ரம்பத்தை எடுத்தான்.